சிலேட்டுக் கம்ப்யூட்டரும் சுயராஜ்யமும்

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள ஆப்பிள் கம்பெனியார் தமது ஐபேட் என்னும் டேப்லெட்டுக்குப் புதியதோர் இயங்குதளத்தை வெளியிட்டார்கள். அதன் பெருமைகளில் முதன்மையாகச் சொல்லப்பட்டது யாதெனில், இனி ஐபேட்டின் திரையில் பல ஜன்னல்களைத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும், விரும்பிய மூலைக்கு நகர்த்தவும் முடியும் என்பதே. திரையின் உச்சியில் மெனு வரிசையும் உண்டு. இச்செய்தியைக் கேட்டுப் பலர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்கிறோம். ஆனால் மகிழ்ச்சியுடன் கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. இந்தக் காரியத்தை 1985-ம் வருஷத்திலேயே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் செய்து காட்டிவிட்டதே! நாற்பது வருஷத்துக்கு முன் சாதாரணக் குடும்பஸ்தனுக்குக் கிடைத்த வசதி, அதைவிடப் பல மடங்கு வலிமை வாய்ந்த யந்திரத்துக்கு இப்பொழுதுதான் புதிதாக வந்து சேருவானேன்?

இந்தத் தாமதத்திற்குக் காரணம் விஞ்ஞானத்தின் குறையா, அல்லது வேறொன்றா? இதை ஆராய்வது யந்திரப் பித்துக்கொண்ட சிலருடைய பொழுதுபோக்கு அன்று. கையில் டேப்லெட் வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய உரிமையும் இதில் அடங்கியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் புஸ்தகத்துக்குப் பதிலாக இந்த யந்திரம் ஏறிவரும் காலத்தில், இதைக் குறித்துச் சிந்திப்பது பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

யந்திரத்தின் சர்க்கார்

இயங்குதளம் என்பதை யந்திரத்துக்குள் நடக்கும் சர்க்கார் என்றே கொள்ளலாம். நினைவகத்தில் எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு இடம், கணக்கிடும் பிராசஸரில் யாருக்கு எவ்வளவு நேரம், எந்தப் புரோகிராம் உள்ளே வரலாம், எது வரக்கூடாது, ஒன்று சேமித்த பொருளை மற்றொன்று தொடலாமா, கூடாதா என்பனவற்றையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. சர்க்கார் இருந்தால் அது யாருக்குப் பொறுப்புடையது என்ற கேள்வியும் உடனே பிறக்கும். யந்திரத்தை விலைகொடுத்து வாங்கியவனுக்கா, அல்லது விற்றுவிட்ட பிறகும் அதன் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கா? பழைய யந்திரத்துக்கும் புதிய டேப்லெட்டுக்குமுள்ள வித்தியாசம் முழுவதும் இந்தக் கேள்விக்கு அவை அளிக்கும் விடையில் இருக்கிறது.

அமிகாவின் கதை

நாம் குறிப்பிட்ட பழைய யந்திரத்தின் பெயர் அமிகா. கலிபோர்னியாவில் 1982-ம் வருஷம் ஆரம்பித்த ஒரு சிறு கம்பெனியில், முன்னர் அட்டாரி யந்திரங்களுக்குச் சில்லுகள் வகுத்த ஜே மைனர் என்னும் நிபுணரின் தலைமையில் அது உருவாகியது. பணமுடை ஏற்பட்டு, 1984-ம் வருஷத்தில் அந்தக் கம்பெனியைக் கமடோர் கம்பெனியார் வாங்கிக்கொண்டார்கள். 1985-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி நியூயார்க் நகரில் லிங்கன் சென்டர் மண்டபத்தில் அமிகா முதன்முதலாக ஜனங்களின் முன் வைக்கப்பட்டது. ஆண்டி வார்ஹால் என்ற பிரபல ஓவியர் மேடைமீதே அமர்ந்து, பாடகி டெபி ஹாரியின் உருவத்தை அதன் திரையில் வர்ணம் தீட்டிக் காட்டினார். விலை 1,295 டாலர்.

அக்காலத்து நிலைமையை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஐபிஎம் கம்ப்யூட்டரின் டாஸ் இயங்குதளம் ஒரு சமயத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும். ஆப்பிள் கம்பெனியாரின் மாக்கின்டாஷ் படமும் ஜன்னலுமாகக் கண்ணுக்கு இனிதாக இருந்ததேயன்றி, அதன் திரை கறுப்பும் வெள்ளையுமே. அதுவும் ஒரு நேரத்தில் ஒரு காரியத்துக்கென்றே அமைந்தது. அமிகாவோ 4,096 வர்ணங்களை அறியும். படத்துக்கும் ஒலிக்கும் அதில் தனித்தனிச் சில்லுகள் இருந்தன. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, பல புரோகிராம்களை ஏககாலத்தில் ஓட்டும் அதன் திறமை.

கார்ல் சாஸன்ராத் என்பவர் எழுதிய எக்ஸெக் என்ற சிறு புரோகிராம்தான் அமிகாவின் உள்ளிருந்து ஆண்டது. ஒரு புரோகிராம் தானாக மனமிரங்கிப் பிராசஸரை விட்டுக்கொடுக்கும் வரையில் அது காத்திராது. உரிய நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுத்துவிடும். அவசர வேலைக்கு முன்னுரிமை உண்டு. சமமான வேலைகளுக்கு முறைவைத்துப் பங்கீடு உண்டு. ஏரி மடையில் முறைத்தண்ணீர் பாய்ச்சும் ஊரில், நியாயமான நீர்க்கட்டி ஒருவன் இருந்தால் வயல்கள் எப்படிக் காயாமல் விளையுமோ, அப்படியே எல்லாப் புரோகிராம்களும் தடையின்றி நடந்தன. ஜனங்கள் வாங்கும் விண்டோஸ் இம்முறைக்கு வந்தது 1995-ம் வருஷத்தில். மாக்கின்டாஷ் வந்தது 2001-ம் வருஷத்தில்.

இன்னொரு விநோதமும் உண்டு. அமிகாவில் ஒரு திரையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், அதன் பின்னாலிருக்கும் மற்றொரு திரை தோன்றும். மேலே ஒரு வர்ணத்தொகை, கீழே வேறொரு வர்ணத்தொகை. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே கண்ணாடியில் தெரியும். இவ்வளவையும் செய்ய அந்த யந்திரத்துக்குக் கிடைத்த நினைவகம் 256 கிலோபைட். அதன் பிராசஸர் துடித்தது வினாடிக்குச் சுமார் 70 லட்சம் தடவை.

ஆயிரம் மடங்கு வலிமை, ஒற்றைக் காரியம்

இனி 2010-ம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் ஏப்ரல் மாதம் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் 256 மெகாபைட். அதாவது அமிகாவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். பிராசஸரின் துடிப்பு வினாடிக்கு 100 கோடி. அதாவது சுமார் 140 மடங்கு. விலை 499 டாலர். மெல்லிய சிலேட்டு அளவில், விரலால் தொட்டாலே இயங்கும் அழகிய யந்திரம். இதைச் செய்தவர்களின் திறமையை நாம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆயினும் அந்த ஐபேட்டில் வெளியார் எழுதிய செயலி ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றொன்றைத் திறந்தால், முதலாவது அப்படியே நின்றுபோகும். ஆப்பிள் கம்பெனியாரின் சொந்தச் சங்கீதச் செயலி பின்னணியில் பாடிக்கொண்டே இருக்கும். பிறருடைய சங்கீதச் செயலி வாய் மூடிவிடும். அவ்வருஷம் நவம்பர் மாதத்தில்தான் பிறருக்கும் சில குறிப்பிட்ட காரியங்களுக்குமட்டும் இவ்வனுமதி கிடைத்தது. இரண்டு செயலிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி 2015-ல் வந்தது. ஜன்னல்களை ஓரளவு மேலும் கீழும் அடுக்கும் ஏற்பாடு 2022-ல் வந்தது. தங்குதடையற்ற ஜன்னல்கள் வந்தது 2025-ல்.

இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்லவேண்டும். ஐபேட்டின் அடித்தளமாக இருப்பது மாக்கின்டாஷில் உள்ள அதே யூனிக்ஸ் வம்சத்து உட்கரு. பல புரோகிராம்களை ஏககாலத்தில் ஓட்டும் சக்தி அதற்கு முதல் நாளிலேயே இருந்தது. இல்லாதது சக்தி அன்று, அனுமதியே! யந்திரத்தால் முடியும், வாங்கியவனும் வேண்டுகிறான், ஆனால் நடுவில் இருக்கும் ஒருவர் ‘இன்னும் காலம் வரவில்லை’ என்கிறார். பக்குவம் வரவில்லை, தவணை தவணையாகத் தருகிறோம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்த பரம்பரையில் வந்தவர்கள் நாம். அந்தப் பேச்சின் சுருதி எங்கே கேட்டாலும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது.

பொது நாணயம்

ஜன்னலைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அமிகா வெளிவந்த அதே 1985-ம் வருஷத்தில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் ஐஎஃப்எஃப் என்ற பொதுவான கோப்பு வடிவத்தை வகுத்துக் கொடுத்தார்கள். அமிகாவுக்குப் புரோகிராம் எழுதியவர்கள் அனைவரும் ஏறக்குறைய அதையே கைக்கொண்டார்கள். அதன் பயன் என்ன? ஒரு கம்பெனியின் புரோகிராமில் வரைந்த படத்தை மற்றொரு கம்பெனியின் புரோகிராமில் திறந்து, மூன்றாவது ஒன்றில் அசையும் சித்திரமாக்கலாம். ஊரெங்கும் செல்லும் நாணயம்போல் அது வழங்கியது. 1990-ல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், ஏரெக்ஸ் என்ற மொழியும் யந்திரத்துடன் சேர்ந்தே வந்தது. அம்மொழியில் பத்து வரி எழுதினால், ஒரு புரோகிராம் மற்றொன்றுக்குக் கட்டளையிட்டு வேலை வாங்கும். இரண்டையும் செய்த கம்பெனிகள் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டியதில்லை. இணைப்பவன் யந்திரத்தின் சொந்தக்காரன்.

டேப்லெட்டில் ஒவ்வொரு செயலியும் தன் பொருளைத் தன் அறையிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும்படி ஆரம்பத்தில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஒரே கடிதத்தை மூன்று செயலிகளில் பார்க்க வேண்டுமானால் மூன்று பிரதி வேண்டும். ‘என் கோப்புக்கள் எங்கே?’ என்று கேட்டவனுக்கு, அதை நீ அறிய வேண்டியதில்லை என்பதே பதிலாக இருந்தது. கோப்புக்களை ஓரிடத்தில் பார்க்கும் செயலி ஐபேட்டுக்கு வந்தது 2017-ல். வெளியிலிருந்து ஒரு டிஸ்க்கைச் செருகிப் படிக்க முடிந்தது 2019-ல்.

கருவியா, கடைவாயிலா?

டேப்லெட் என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது? 1972-ம் வருஷத்தில் ஸெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஆலன் கே என்பவர், டைனாபுக் என்ற ஒரு யந்திரத்தைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். நோட்டுப் புஸ்தகத்தின் அளவில், கையில் தூக்கிச் செல்லும்படி, குழந்தைகளுக்காக வகுக்கப்பட்ட யந்திரம் அது. உருவத்தில் இன்றைய டேப்லெட்டின் பாட்டன் என்றே சொல்லவேண்டும். ஆனால் அதன் ஜீவன் உருவத்தில் இல்லை. குழந்தை தானே புரோகிராம் எழுதவேண்டும். எழுதியதைப் பிரித்துப் பார்த்து மாற்றவேண்டும். மாற்றியதைத் தோழனுக்குக் கொடுக்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அதற்காகவே அவரும் அவருடைய சகாக்களும் ஸ்மால்டாக் என்னும் மொழியை உண்டாக்கினார்கள்.

அந்த மொழியின் வழித்தோன்றலில் எழுதப்பட்டு, 2007-ம் வருஷத்தில் எம்ஐடி ஆராய்ச்சியாளர்களால் வெளியிடப்பட்டதுதான், குழந்தைகள் வர்ணக்கட்டைகளை அடுக்கிப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச். உலகெங்கும் உள்ள பள்ளிக்கூடங்கள் அதை அறியும். அதில் குழந்தைகள் செய்த விளையாட்டுக்களையும் கதைகளையும் ஓட்டிப் பார்க்க ஒருவர் ஒரு செயலி எழுதினார். ஐபேட் விற்பனைக்கு வந்த அதே 2010 ஏப்ரலில், அச்செயலி ஆப்பிள் கம்பெனியாரின் கடையிலிருந்து அகற்றப்பட்டது. பிறர் எழுதிய நிரலை உள்ளே ஓட்டுவது விதிக்கு விரோதமாம்! டைனாபுக்கின் உடலை ஏற்றுக்கொண்டவர்கள் அதன் உயிரை வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னர் விதிகள் தளர்ந்தன. 2016-ல் பிள்ளைகள் புரோகிராம் கற்கும் செயலி ஒன்றை ஆப்பிள் கம்பெனியாரே வெளியிட்டார்கள். 2021-ம் வருஷக் கடைசியிலிருந்து ஐபேட்டிலேயே ஒரு செயலியை எழுதி முடிக்கவும் வழி ஏற்பட்டது. எனினும் எழுதியதை ஊராருக்குக் கொடுக்க வேண்டுமானால், உலகின் பெரும்பகுதியில் அந்த ஒரே கடையின் வழியாகத்தான் செல்லவேண்டும். அக்கடை பெரிய வியாபாரங்களில் நூற்றுக்கு 30 வரை கமிஷன் வாங்கி வந்திருக்கிறது.

அமிகாவை வாங்கியவனுக்கு, பெட்டியுடன் பேஸிக் மொழியும் கிடைத்தது. பின்னர் வந்த அமிகா 500 என்ற மலிவான யந்திரத்தின் கையேட்டில் மின்சுற்றின் வரைபடமே அச்சிடப்பட்டிருந்தது. பையன் ஒருவன் எழுதிய புரோகிராமைத் தகட்டில் பதிந்து அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்தால், அது ஓடியது. எந்தக் கம்பெனியின் முத்திரையும் வேண்டியிருக்கவில்லை.

எதிர்க்கட்சியின் நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் வாதத்தையும் எடுத்துக்காட்டாமல் விடுவது நேர்மையாகாது. அமிகாவின் சர்க்காரில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு புரோகிராமின் நினைவகத்தை மற்றொன்று மிதித்துவிடாமல் காக்கும் வேலி அதில் கிடையாது. எங்கோ ஒரு மூலையில் ஒரு புரோகிராம் தவறினால், யந்திரம் முழுவதும் சாய்ந்துவிடும். ‘குரு மெடிடேஷன்’ என்ற சிவப்பு எழுத்துக்கள் கறுப்புத் திரையில் மின்னும். அத்துடன் எழுதிச் சேமிக்காத வேலையெல்லாம் போயிற்று. கைக்குக் கை மாறிய தகடுகளின் மூலம் 1987 முதல் வைரஸ்களும் பரவின. சுதந்திரம் இருந்தது, காவல் இல்லை.

டேப்லெட்டில் காவல் இருக்கிறது. ஒரு செயலி கெட்டால் மற்றவை கெடுவதில்லை. கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத முதியவரும் சிறு குழந்தையும் பயமின்றி அதை எடுத்துப் புழங்குகிறார்கள். மேஜைமீது மின்சாரக் கம்பியுடன் இருந்த அமிகாவுக்கு பாட்டரியின் கவலையே இல்லை. கையில் இருக்கும் யந்திரத்துக்கோ, பின்னணியில் ஓடும் ஒவ்வொரு செயலியும் பாட்டரியைத் தின்னும். இவையெல்லாம் மெய்யான நியாயங்கள். இவற்றை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இந்த நியாயங்களிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? வீட்டுக்குப் பூட்டு வேண்டும் என்பதே. பூட்டின் சாவி வீட்டுக்காரனிடம் இருக்கக்கூடாது என்ற முடிவு இவற்றிலிருந்து எப்படிக் கிடைக்கும்? வேலியைப் போடுங்கள், வேலிக்கு உள்ளிருப்பவன் தன் பொறுப்பில் திறந்துகொள்ளும் படல் ஒன்றும் வையுங்கள் என்றே நாம் சொல்கிறோம். இது நடவாத காரியம் அன்று. ஆப்பிள் கம்பெனியாரின் மாக்கின்டாஷிலேயே, எச்சரிக்கையைப் படித்துவிட்டு வெளிப் புரோகிராமை நிறுவிக்கொள்ள வழி இருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டரில் பிரஜையாக இருப்பவன், டேப்லெட்டை எடுத்ததும் மைனர் ஆகிவிடுகிறானா?

கமடோரின் வீழ்ச்சி

‘அவ்வளவு உயர்ந்த யந்திரம் ஏன் அழிந்தது?’ என்று சிலர் கேட்கலாம். அமிகாவின் குணத்தால் அது அழியவில்லை. கமடோர் கம்பெனியார் தம் கையிலிருந்த பொருளின் மதிப்பை உணராமல், விளம்பரத்திலும் ஆராய்ச்சியிலும் கைச்சுருக்கம் காட்டினார்கள். மற்றவர்கள் ஓடிவந்து எட்டிப் பிடிக்கும் வரையில் அவர்கள் மெதுவாகவே நடந்தார்கள். 1994-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி கம்பெனி முடிவுக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு வெளியாயிற்று. இரண்டு மாதத்துக்குள், ஜூன் 20-ந் தேதி, ஜே மைனர் காலமானார். அமிகாவின் முதல் மாதிரிப் பெட்டியின் உட்புறத்தில் அதைச் செய்தவர்கள் அனைவருடைய கையெழுத்துக்களும், மைனர் வளர்த்த நாயின் பாதச் சுவடும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தம் பொருளைத் தம் குழந்தையாக எண்ணியவர்களின் அடையாளம் அது.

இங்கே ஒரு பாடம் உண்டு. கம்பெனி செத்துப்போய் மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் பழுதில்லாத அமிகா ஒன்றை எடுத்து, தகட்டைச் செருகி, மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது எழுந்துவிடும். யாரிடமும் அனுமதி கேட்காது. 2010-ம் வருஷத்து ஐபேட்டோ 2012-ம் வருஷத்து இயங்குதளத்தோடு நின்றுவிட்டது. அதை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால், தொலைவிலுள்ள கம்பெனியின் சர்வர் சம்மதம் தரவேண்டும். அந்தச் சர்வர் ஒருநாள் பதில் சொல்லாமற்போனால் கையிலிருப்பது வெறும் கண்ணாடிப் பலகையே.

சட்டத்தின் துணை

உலகம் இதைக் கவனியாமல் இல்லை. 2024-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி, கமடோர் வீழ்ந்து சரியாக முப்பது வருஷம் நிறைந்த அன்று, ஐரோப்பியக் கமிஷன் தனது டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் ஐபேட்டின் இயங்குதளத்தையும் கொண்டுவந்தது. அதன் பயனாக, ஐரோப்பிய யூனியன் நாடுகளில் ஐபேட்டுக்குப் பிற கடைகளும் திறக்க நேர்ந்தது. நமது தேசத்திலும் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு விஷயத்தில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் கூகிள் கம்பெனிக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் ஆணையத்தின் கட்டளைகளில் சிலவற்றை நீக்கியதாயினும், அபராதத்தை உறுதிசெய்தது.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் வெளிச்செயலியை நிறுவிக்கொள்ளும் உரிமை ஆதிமுதல் இருந்துவந்தது. ஆனால் 2025 ஆகஸ்டில், இனித் தம்மிடம் பெயரைப் பதிந்து அடையாளம் காட்டாதவர்கள் எழுதும் செயலிகளை, நாடுநாடாக, நிறுவ விடமாட்டோம் என்று கூகிள் கம்பெனியார் அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின், அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாக அவ்வருஷம் நவம்பரில் சொன்னார்கள். எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தால்? உரிமை என்பது ஒருமுறை கிடைத்துவிட்டால் என்றைக்கும் நிலைக்கும் பொருள் அன்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுவதில்லை.

நாம் வேண்டுவன

பழைய யந்திரத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாம் வேண்டுவன மூன்றே. முதலாவது, டேப்லெட்டை விலைகொடுத்து வாங்கியவன், தக்க எச்சரிக்கையுடன், தான் விரும்பும் புரோகிராமைத் தானே நிறுவிக்கொள்ள உரிமை வேண்டும். இரண்டாவது, பொதுப் பணத்தில் மாணவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் எந்த யந்திரத்திலும், புரோகிராம் எழுதவும் எழுதியதைப் பகிரவும் தடை இருக்கக்கூடாது. வாங்குமுன்பே சர்க்கார் இதை ஒரு நிபந்தனையாக வைக்கவேண்டும். மூன்றாவது, ஒரு யந்திரத்துக்குப் புதிய இயங்குதளம் அளிப்பதைக் கம்பெனி நிறுத்தும் நாளில், அதன் சாவியைச் சொந்தக்காரனிடம் ஒப்படைத்துவிடவேண்டும்.

இவை பெரிய வரங்கள் அல்ல. 256 கிலோபைட் யந்திரம் ஒன்று 1985-ல் கேளாமலே தந்தவை. அன்று கொடுக்க முடிந்ததை இன்று கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால், அது யந்திரத்தின் குரல் அன்று, வியாபாரத்தின் குரல் என்று நமது நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சட்டசபைகளில் இருப்போரும், பள்ளிகளை நடத்துவோரும், பொதுத்தொண்டில் இறங்கியிருக்கும் இளைஞர்களும் இவ்விஷயத்தைக் கையிலெடுக்கும்படி நாம் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறை எழுதப் பழகும் சிலேட்டு இது. அதில் என்ன எழுதலாம் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்க நாம் விட்டுவிடலாகாது.